வியாசர்பாடி குடும்பம் (ஒரிஜினல்)

வெள்ளி, இரவு 8:41

ரேவதி: எல்லாரும் ஒரு நிமிஷம் பாருங்க. ஞாயித்துக்கெழம அப்பாவுக்கு தலை தெவசம். காலைல படையல், மத்தியானம் சாப்பாடு. ராத்திரி மொட்டை மாடில வேட்டி கட்டி ப்ரொஜெக்டர்ல அப்பாவோட ஸ்டார் ட்ரெக் படம் போடலாம்னு இருக்கேன்

விஜயா அத்தை: திதி சனிக்கெழமயே வந்துருது. ஐயர்ட்ட கேட்டியா

ரேவதி: கேட்டாச்சு அத்தை. ஞாயித்துக்கெழம தான் எல்லாருக்கும் லீவு

விஜயா அத்தை: செத்தவருக்கு லீவு பாத்தா திதி குடுப்பாங்க

சேகர் மாமா: எத்தினி பேருக்கு சமையல்

பாபு (மஸ்கட்): எந்தப் படம்? ஸ்டார் ட்ரெக் நெறய இருக்கே

ரேவதி: மொத படம். 1979

கணேஷ்: ஐயோ அக்கா. அதுவா

கணேஷ்: தப்பா நெனைக்காத. பெரியப்பா கூட ஒக்காந்து அத நாலு தடவ பாத்தவன் நான். 132 நிமிஷம். பாதி நேரம் யாராவது வாயத் தொறந்துக்கினு எதிர்ல இருக்கறத பாத்துனே இருப்பாங்க. மொதல்ல விண்வெளிக் கப்பல். அப்புறம் மேகம். மேகத்துக்குள்ள இன்னொரு மேகம். டிவில 66லேந்து 69 வரைக்கும் 79 எபிசோட் வந்துச்சு, ஜனங்க கப்பலுக்கா பாத்தாங்க? கப்பல் பொம்மை, செட்டு அட்டை. அந்த மூணு பேருக்கு தான் பாத்தாங்க. கேப்டன் கிர்க் அவசரப்படுவாரு, ஸ்பாக் கணக்கு சொல்லுவாரு, டாக்டர் மெக்காய் ரெண்டு பேரயும் திட்டுவாரு. எங்கப்பா, பெரியப்பா, சேகர் மாமா சீட்டாடின மாதிரி. சினிமாவுக்குப் பெரிய பட்ஜெட் கெடச்சதும் அந்த மூணு பேர ஓரமா நிக்க வெச்சுட்டாங்க. கிர்க் மூஞ்சில சிரிப்பே இல்ல

சேகர் மாமா: அதுல நான் யாரு

கணேஷ்: டாக்டர்

சேகர் மாமா: ஓகே

முருகேசன் சித்தப்பா: சீட்டு ஆடினதெல்லாம் எந்தக் காலம். இப்ப எதுக்கு அது

விஜயா அத்தை: அந்த சீட்டுல தான அண்ணனோட வீடியோ டெக்கு போச்சு

முருகேசன் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

விஜயா அத்தை: படிச்சிட்டேன்

பாபு (மஸ்கட்): ஆரம்பிச்சாச்சு

கணேஷ்: விஷயத்துக்கு வரேன். அந்தக் கதையே புது டிவி சீரியலோட மொத எபிசோடுக்கு எழுதினது. சீரியல் நின்னுபோச்சு, கதைய இழுத்து சினிமா ஆக்கிட்டாங்க. கிராபிக்ஸ் வேலைக்கு மொதல்ல வெச்ச கம்பெனிய மாத்தி, கடைசி நேரத்துல அடிச்சுப் புடிச்சு முடிச்சு ரிலீஸ் பண்ணாங்க. ஒழுங்கா வெட்டக்கூட நேரம் இல்ல. டைரக்டர் ராபர்ட் வைஸ் 2001ல தான் திரும்ப ஒக்காந்து சரி பண்ணாரு. அதனால ரெண்டாவது படம் போடுவோம், 1982ல வந்தது. செலவு மொத படத்துல மூணுல ஒரு பங்கு கூட கெடயாது. 1967ல ஒரே ஒரு எபிசோட்ல வந்த வில்லன் கான், அதே நடிகரயே திருப்பி இட்டாந்தாங்க. டிவில என்ன நல்லா இருந்துச்சோ அத அப்படியே எடுத்துக்கினாங்க. கிர்க்குக்கு வயசாயிடுச்சு, கண்ணாடி போட்டுக்கிறாரு, பழைய தப்பு தேடி வருது. அவ்ளோதான் கதை

பாபு (மஸ்கட்): கான் நம்மாளு தான?

கணேஷ்: வட இந்தியா, சீக்கியரா இருப்பாருன்னு டிவில சொல்லுவாங்க. நடிச்சது மெக்சிகோக்காரர் ரிக்கார்டோ மோன்டல்பான். இதுல விசேஷம் என்னன்னா கிர்க்கும் கானும் படம் முழுக்க நேருக்கு நேர் ஒரே எடத்துல நிக்கவே மாட்டாங்க. சண்ட எல்லாம் ஸ்கிரீன்லயே

பாபு (மஸ்கட்): நம்ம குரூப் மாதிரி

சேகர் மாமா: ஹா ஹா ஹா

ரேவதி: அதுல ஸ்பாக் செத்துடுவாரு கணேஷ். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒக்காந்துக்கினு. கிர்க் இந்தப் பக்கம் கைய வெச்சுனு நிப்பாரு. போன வருஷம் ஐசியூ கண்ணாடிக்கு வெளிய நின்னது நானும் அம்மாவும். தெவசத்து அன்னிக்கு அதயா போடுவ?

இரவு 9:17

சேகர் மாமா: மூணாவது சந்துல தண்ணி லாரி வந்துருக்கு. குடம் இருக்கறவங்க வாங்க

விஜயா அத்தை: எங்க சந்துக்கு ஏன் வரல

சேகர் மாமா: டிரைவர்ட்ட கேக்கணும்க்கா

கணேஷ்: சாரிக்கா. நான் யோசிக்கல

ரேவதி: பரவால்ல

ரேவதி: அம்மாவுக்கு வாய்ஸ் அனுப்ப வராதாம். நான் டைப் பண்றேன். "மொட்டை அடிச்ச பொண்ணு வர்ற படம் தான? பர்மா பஜார்ல கேசட் வாங்கினு வந்து டெக்குல ராத்திரி பூரா போட்டாரு. நான் தூங்கிட்டேன். அதயே போடுங்க"

கணேஷ்: அந்தப் பொண்ணு பேரு பெர்சிஸ் கம்பாட்டா. பம்பாய்க்காரங்க. 1965 மிஸ் இந்தியா. அந்த வேஷத்துக்காக நெஜமாவே மொட்டை அடிச்சாங்க

விஜயா அத்தை: திருத்தணியா திருப்பதியா

பாபு (மஸ்கட்): அத்தை

ரேவதி: கப்பல சுத்திக் காட்டறது இழுவைன்ற. சரி தான். ஆனா அப்பா அந்தக் கப்பல எதுல பாத்தாரு? தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கெழம காலைல, கடைல ரிப்பேருக்கு வந்த கறுப்பு வெள்ளை டிவில. யாரோட டிவி முடிஞ்சுதோ அதுல. படத்துல கப்பல் இன்ஜினியர் ஸ்காட்டி கிர்க்க சின்ன வண்டில ஏத்தினு கப்பல மெதுவா சுத்தி வருவாரே, அந்த சீன் வந்தா அப்பா சால்டரிங் அயர்ன கீழ வெச்சுடுவாரு. அதயும் டிவில தான் பாத்தாரு. பெருசா ஒரு தடவ கூட பாக்கல. அதுக்கு தான் மாடி

பாபு (மஸ்கட்): அந்த மியூசிக்க தான ரிங்டோனா வெச்சிருந்தாரு

கணேஷ்: ஜெர்ரி கோல்ட்ஸ்மித் மியூசிக். 1987ல வந்த புது சீரியலுக்கும் அதயே வெச்சுக்கினாங்க. அது அந்தப் படத்தோட பலம், ஒத்துக்கறேன். கப்பல் சீன நான் குத்தம் சொல்லலக்கா. ரெண்டாவது படத்துலயே அத வெட்டி எடுத்து மறுபடி போட்டுக்கினாங்க, காசு மிச்சம். நான் சொல்றது மேகத்த தான்

கணேஷ்: கடைசியும் நல்லாருக்கும். மேகத்துக்குள்ள இருந்து பூமிய அழிக்க வர்ற அவ்ளோ பெரிய மிஷின், தன் பேரு வீஜர்ன்னும். கிட்டப் போய் அழுக்கத் தொடச்சா வாயேஜர் 6, நாசா விண்கலம். நடுவுல எழுத்து மறஞ்சுபோய் வீஜர் ஆயிடுச்சு. நாம அனுப்பினது தான், செஞ்சவன தேடினு வந்திருக்கு. நெஜத்துல 1977ல ரெண்டு வாயேஜர் தான் போச்சு, 6 கற்பனை

பாபு (மஸ்கட்): டியோ

சேகர் மாமா: டியோ!

முருகேசன் சித்தப்பா: டியோ அண்ணன்

பாபு பொண்டாட்டி: என்ன டியோ? எனக்கு மட்டும் புரியல

ரேவதி: அண்ணி, கடை போர்டுல ரேடியோ ரிப்பேர்னு இருக்கும். மழைல ரே அழிஞ்சுபோச்சு. சந்து பூரா அப்பாவ டியோ டியோன்னு தான் கூப்பிடும். பெயிண்ட் அடிக்கச் சொன்னா அடிக்கவே மாட்டாரு

விஜயா அத்தை: பெயிண்டுக்கு குடுத்த காசு சீட்டுக்கு போச்சு

முருகேசன் சித்தப்பா: விஜயா டெக்கு விஷயம் நேர்ல பேசலாம்

விஜயா அத்தை: 35 வருஷமா நேர்ல தான் பேசறோம்

கணேஷ்: அப்ப மொத படமே. 2001 காப்பி என்கிட்ட இருக்கு. மேகம் வரும்போது ஃபார்வர்ட் பண்ணலாமா

ரேவதி: வேணாம். மேகம் வரும்போது சாப்பாடு போட்டுடலாம்

சேகர் மாமா: அதான் கேட்டேன் எத்தினி பேர்னு. ராத்திரிக்கு பர்மா நூடுல்ஸ் அத்தோ சொல்லவா. முட்டையோட

விஜயா அத்தை: தெவசத்துல முட்டையா

சேகர் மாமா: படையல் காலைலக்கா. இது ராத்திரி

விஜயா அத்தை: அண்ணனுக்கு அத்தோ புடிக்கும். எனக்கு மொய்ங்கா சூப்பு

ரேவதி: ப்ரொஜெக்டர் யாரு?

கணேஷ்: ஃப்ரெண்ட்ட கேட்டிருக்கேன். சனிக்கெழம சொல்றேன்றான்

பாபு (மஸ்கட்): வீடியோ கால் போடுங்க. நானும் பாக்கணும்

முருகேசன் சித்தப்பா: மழ வந்தா?

சேகர் மாமா: தண்ணி லாரி கெளம்பிடுச்சு. விஜயாக்கா உங்க சந்துக்கு தான் வருது. ஓடுங்க