ஏற்றத்தில் நாக் ஒலி எழுப்பும் லான்சர் எவோ 10: ஈசியூவை ரீமேப் செய்யலாமா? உதவி தேவை

கேள்வி: செம்பனைச்சாலை, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். 2009இல் ஜப்பானில் தயாரான, ஐந்து கியர் மேனுவல் லான்சர் எவோலூஷன் 10 ஒன்றை அண்மையில் வாங்கினேன். ரீகண்டாக, அதாவது பயன்படுத்திய காராக இறக்குமதியாகி மலேசியாவுக்கு வந்து, ஏற்கெனவே கைமாறிய கார் இது. என் வீடு தோட்டத்தின் எல்லையில் இருப்பதால், செம்பனைக் குலை லாரிகள் ஓடும் செம்மண் பாதையைக் கடந்துதான் நாள்தோறும் பெரிய சாலைக்கு வருகிறேன்.

ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் ஈப்போவிலிருந்து தைப்பிங்குக்கு நெடுஞ்சாலையில் போகும்போது, மெனோரா சுரங்கப்பாதைக்கு முந்தைய நீண்ட ஏற்றத்தில், ஐந்தாம் கியரில் 2,500 ஆர்பிஎம் அளவில் பெடலை ஆழமாக மிதித்தால், ‘கிளிங் கிளிங்’ என்று மெல்லிய உலோக ஒலி கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் இழுவையும் குறைகிறது. டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரிவதில்லை. ரோன் 95 பெட்ரோல்தான் ஊற்றுகிறேன்.

ஒரு பட்டறையில் காட்டியபோது, ஈசியூவை (இன்ஜினை இயக்கும் கணினியை) ரீமேப் செய்தால், அதாவது அதிலுள்ள அளவுகளை மாற்றி எழுதினால், இழுவைக் குறை தீர்வதோடு 60 குதிரைத்திறன் கூடும் என்றார்கள். இது உண்மையா? இதில் ஆபத்து எந்த அளவுக்கு இருக்கிறது? அனுபவம் உள்ள அண்ணன்மார் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: கிந்தாக்கரை, ஈப்போ

தம்பி, ரீமேப்பை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். நீங்கள் கேட்பது நாக் ஒலி. தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் சிலிண்டரின் கடைக்கோடியை எட்டுவதற்கு முன்பே, அங்கே அழுத்தத்திலும் வெப்பத்திலும் சிக்கிய கலவை தானாகவே வெடிப்பதால் எழும் ஒலி அது. குறைந்த ஆர்பிஎம்மில், உயர் கியரில், டர்போ முழு அழுத்தம் தரும் நேரத்தில்தான் இது மிக எளிதாக நேரும். தொடர்ந்து நடந்தால், பிஸ்டனில் வளையங்கள் அமரும் விளிம்பு உடைந்துபோகும்.

உங்கள் கார் ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்டது. அங்கே ஹை-ஆக்டேன் என்று விற்கப்படும் பெட்ரோல் பெரும்பாலும் 98 முதல் 100 ரோன் கொண்டது. ரோன் என்பது ஆக்டேன் எண். அது கூடக்கூட, பெட்ரோல் நாக்கைத் தாங்கும் திறனும் கூடும். 4பி11 டர்போ இன்ஜினின் 300 பிஎஸ், 422 நியூட்டன் மீட்டர் என்ற கணக்கெல்லாம் அந்த எண்ணெயை நம்பியது. மிட்சுபிஷியின் ஈசியூவில் இக்னிஷன் (தீப்பொறி) நேரத்துக்கு உயர் ஆக்டேன் அட்டவணை, தாழ் ஆக்டேன் அட்டவணை என இரண்டு உண்டு. நாக் தொடர்ந்து பதிவானால், ஈசியூ உயர் அட்டவணையிலிருந்து மெல்ல மெல்லத் தாழ் அட்டவணையை நோக்கி நகரும். நீங்கள் உணரும் இழுவைக் குறை, இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்வதன் அடையாளமாக இருக்கலாம். அதைத் தீர்த்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், எப்படித் தீர்ப்பார் என்று முதலில் கேளுங்கள்.

டேங்க் காலியாகும் தறுவாயில் ரோன் 97 நிரப்புங்கள். ஏற்றத்தில் மூன்றாம் கியருக்கு இறங்கி, பெடலை அளவாக மிதியுங்கள். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் நாக் நடந்திருக்கிறது. அவற்றோடு வெள்ளி மினுக்கமும் தெரிந்தால், அது பிஸ்டனின் அலுமினியம். அப்படியானால் காரை மேலும் ஓட்டாமல் கம்ப்ரஷன் சோதனை செய்துவிடுங்கள்.

ஏர் ஃபில்டர் எந்த வகை என்பதையும் எழுதுங்கள். செம்மண் பாதை என்று நீங்கள் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது.

பதில்: கிள்ளான் டர்போ

அண்ணன் சொன்னதை முழுமையாக வழிமொழிகிறேன். ரீமேப் என்றாலே ஆபத்து என்று தம்பி எண்ணிவிடக் கூடாது என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி, எவ்வளவு டர்போ அழுத்தம் என்பனவெல்லாம் ஈசியூவுக்குள் எண் அட்டவணைகளாக இருக்கின்றன. குளிர் நாடு, வெயில் நாடு, மோசமான எண்ணெய், பராமரிப்பில்லாத உரிமையாளர் என அனைத்தையும் மனத்தில் வைத்து, தயாரிப்பாளர் அவற்றில் கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பார். அந்த இடைவெளியிலிருந்துதான் ரீமேப் சக்தியை எடுக்கிறது. டர்போ இன்ஜினில் அழுத்தத்தையும் உயர்த்தலாம் என்பதால் பலன் நன்றாகவே தெரியும். டர்போ இல்லாத இன்ஜினில் பத்து விழுக்காடு கிடைத்தாலே பெரிது.

நம் நாட்டில் ரீமேப்பின் உண்மையான நன்மை குதிரைத்திறனில் இல்லை என்பது என் கருத்து. ஜப்பானிய எண்ணெய்க்கு எழுதிய அட்டவணையை, இங்கே கிடைக்கும் ரோன் 97க்கும் நம் பிற்பகல் வெப்பத்துக்கும் ஏற்பத் திருத்தி எழுதினால், இன்ஜின் முன்பைவிடப் பாதுகாப்பாக ஓடும். பெடலுக்கு மறுமொழியும் சீராகும். நல்ல டியூனர் தேவையான இடத்தில் இக்னிஷனைக் குறைக்கவும் தயங்க மாட்டார்.

ஆபத்து எங்கே வருகிறது என்றால், குதிரைத்திறன் கணக்கை மட்டும் காட்டி விற்பவரிடம் வருகிறது. இன்னொரு காருக்கு எழுதிய கோப்பை அப்படியே ஏற்றுவார்கள். கலவை போதிய அளவு ரிச்சாக (பெட்ரோல் மிகுந்து) இருக்கிறதா என்று, புகையிலிருந்து அதை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்துப் பார்க்க மாட்டார்கள். முழு அழுத்தத்தில் ஏர்-ஃப்யூயல் (காற்று-பெட்ரோல்) விகிதம் 11 முதல் 12க்குள் இருக்க வேண்டிய இன்ஜினை, அதைவிட லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடவிட்டால் வெப்பம் எகிறும். எல்லாவற்றிலும் மோசமானது, நாக் சென்சாரின் உணர்வைக் குறைத்துவிடுவதும், உயர் ஆக்டேன் அட்டவணையையே தாழ் அட்டவணையிலும் நகலெடுத்து வைப்பதும்தான். அதன்பின் ஈசியூவுக்குப் பின்வாங்க இடமே இருக்காது. இழுவை குறையாது, இன்ஜின்தான் போகும். சக்தி கூடினால் பழைய கிளட்ச் வழுக்கத் தொடங்கும் என்பதையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

கைமாறி வந்த கார் என்கிறீர்கள். அது ஏற்கெனவே ரீமேப் செய்யப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓபிடி போர்ட் (கணினியைப் படிக்கும் இணைப்பு) வழியாக ஈசியூவின் கோப்பைப் படித்து, அதே கேலிபிரேஷன் எண்ணுக்குரிய தொழிற்சாலைக் கோப்போடு ஒப்பிடச் சொல்லுங்கள். அதற்கு முன் புதிதாக எதையும் எழுத விடாதீர்கள்.

பதில்: காப்புறுதி முகவர், தைப்பிங்

ஒரு செய்தி மட்டும். காரின் செயல்திறனை மாற்றும் எந்த மாற்றத்தையும் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பின் வெளிப்பட்டால், இழப்பீடு மறுக்கப்படலாம். புதிய கார் வைத்திருப்பவர்கள், உத்தரவாதக் காலத்தில் ரீமேப் செய்தால் இன்ஜின், கியர்பாக்ஸ் தொடர்பான உத்தரவாதத்தை இழக்க நேரிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

செம்பனைச்சாலை

அண்ணன்மாருக்கு மிக்க நன்றி. சொன்னபடி எல்லாவற்றையும் பார்த்தேன்.

பிளக்குகளில் கரும்புள்ளிகள் இருந்தன. வெள்ளி மினுக்கம் இல்லை. நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறது. முந்தைய உரிமையாளர் ஒரிஜினல் ஏர்பாக்ஸைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தடவும் திறந்தவகை ஃபில்டரைப் பொருத்தியிருக்கிறார். அதன் பின்னால் இருக்கும், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரைக் கழற்றியபோது, உணர் கம்பியின் மேல் செந்தூசி எண்ணெயோடு சேர்ந்து படலமாக ஒட்டியிருந்தது.

ஈசியூ கோப்பை ஒப்பிட்டுப் பார்த்த நண்பர், ஜப்பானியக் கார்களுக்குரிய 180 கிலோமீட்டர் வேகத் தடை நீக்கப்பட்டிருப்பதாகவும், டர்போ அழுத்தம் உயர்த்தப்பட்டிருப்பதாகவும் சொன்னார். கிள்ளான் அண்ணன் அஞ்சியதைப் போலவே இரண்டு இக்னிஷன் அட்டவணைகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அப்படியென்றால் இழுவை ஏன் குறைந்தது?

கிந்தாக்கரை

அட்டவணைகள் ஒன்றாக இருந்தாலும், நாக் கேட்கும் அந்தக் கணத்தில் இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும் வேலையை ஈசியூ செய்யத்தான் செய்யும். நாக் சென்சாரைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. உங்கள் இன்ஜின் பிழைத்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஏர்ஃப்ளோ சென்சார் செய்தது இதுதான். படலம் ஒட்டிய கம்பி, உள்ளே போகும் காற்றைக் குறைத்துக் காட்டும். காற்று குறைவு என்று நம்பிய ஈசியூ, பெட்ரோலைக் குறைத்து, சுமையும் குறைவு என்று கணக்கிட்டுத் தீப்பொறியை முன்கூட்டியே கொடுக்கும். கலவை லீனாகவும் தீப்பொறி முந்தியும் இருக்க, அதன்மேல் உயர்த்திய அழுத்தமும் ரோன் 95உம் சேர்ந்தால், மெனோரா ஏற்றத்தில் கேட்காமல் வேறெங்கே கேட்கும்? இந்த நிலையில் புதிய மேப்பை எழுதியிருந்தால், அழுக்கான சென்சார் சொன்ன பொய்யை வைத்தே எழுதியிருப்பார்கள்.

சென்சாரை அதற்குரிய ஸ்ப்ரேயால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். துணி படக் கூடாது. பழைய கார் பாகங்கள் விற்கும் ஹாஃப் கட் கடையில் ஒரிஜினல் ஏர்பாக்ஸ் கிடைக்கும், காகித ஃபில்டரோடு அதைத் திரும்பப் பொருத்துங்கள். தோட்டப் பாதையில் ஓடும் காருக்குத் திறந்தவகை ஃபில்டர் எந்த வகையிலும் ஏற்றதன்று. பிறகு தொழிற்சாலைக் கோப்பையே ஏற்றி, ரோன் 97இல் ஓட்டி, ஈசியூ காட்டும் அளவீடுகளைப் பதிவு எடுங்கள்.

செம்பனைச்சாலை

அனைத்தையும் செய்துவிட்டேன். அதே ஏற்றத்தில் பின்னிருக்கை நிறைய ஆளோடு போனபோதும் ஒலி இல்லை. பதிவிலும் நாக் எண்ணிக்கை அநேகமாகச் சுழியத்திலேயே நின்றது. உச்ச இழுவை முன்பைவிடச் சற்றுக் குறைவுதான், ஆனால் ஏற்றம் முழுவதும் ஒரே சீராக இருக்கிறது. இப்போது ரோன் 97க்கென்று முறையாக ரீமேப் செய்யலாமா?

கிள்ளான் டர்போ

இப்போது தாராளமாகச் செய்யலாம். இன்ஜினின் நிலை தெரிந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பதிவும் கையில் இருக்கிறது. இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றி, உங்கள் காருக்கென்றே எழுதுபவரைத் தேடுங்கள். முன்பின் இரண்டு வரைபடங்களையும், ஏர்-ஃப்யூயல், நாக் பதிவுகளையும், எழுதிய கோப்பின் நகலையும் தருவாரா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள். கோப்பை எழுதும்போது பேட்டரியில் சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும், பாதியில் மின்னழுத்தம் விழுந்தால் ஈசியூ செயலிழந்துபோகும். காலைக் குளிரில் எடுத்த அளவீட்டை ஏற்காமல், பிற்பகல் மூன்று மணி வெயிலில் அடுத்தடுத்து ஓட்டிய பிறகும் நாக் இல்லை என்று பதிவில் காட்டச் சொல்லுங்கள்.