உதவி: கீரிங் சாவியில் எஸ்இலினக்ஸ் லேபிள் மாறவே மாட்டேங்குது

பூட்டுசாவி:
கொஞ்சம் அவசரம். லினக்ஸ் கர்னலோட கீரிங்ல (பாஸ்வேர்டு மாதிரி ரகசியங்களைச் சாவியா வைக்கிற இடம்) நான் போடுற சாவிக்குத் தனி எஸ்இலினக்ஸ் லேபிள் (யார் எதைத் தொடலாம்னு அந்தப் பாதுகாப்பு அமைப்பு பார்க்கிற அடையாளம், காண்டெக்ஸ்ட்னும் சொல்வாங்க) வேணும். /ப்ராக்/செல்ஃப் கீழ இருக்கிற கீகிரியேட் ஃபைல்ல (அடுத்து உருவாக்குற சாவிக்கு லேபிள் சொல்ற இடம்) எழுதுறேன், எரர் வரல. ஆனா அடுத்து சேர்க்கிற சாவி பழைய காண்டெக்ஸ்ட்லயே வருது. இன்னொரு சர்வீஸ் அதைப் படிக்கப் போனா பெர்மிஷன் டினைட். என்ன பண்றது?

வேர்ப்பயனர்:
எழுதினது ஷெல்லா, சி புரோகிராமா? எந்தக் கீரிங், செஷனா (ஒரு செஷனுக்கு மட்டும்) யூசரா (அந்த யூசருக்குப் பொது)? ரெண்டு பக்கமும் ஒரே யூஐடியா (யூசர் எண்)? ‘கீசிடிஎல் செக்யூரிட்டி’ (சாவியோட லேபிளைக் காட்டுற கட்டளை) என்ன காட்டுது? ஆடிட் லாக்ல ஏவிசி வரி (எஸ்இலினக்ஸ் தடுத்ததுக்கான பதிவு) இருக்கா? இதெல்லாம் இல்லாம குத்துமதிப்பாத்தான் சொல்ல முடியும்.

மெல்லினம்:
லேபிளை விடுங்க, இது சர்வீஸ்களை ஓட்டுற சிஸ்டம்டியோட வேலை. பதிப்பு 235ல கீரிங்மோடுங்கிற செட்டிங் வந்துச்சு. சிஸ்டம் சர்வீஸ்னா டீஃபால்ட் பிரைவேட். யூசர் கீரிங் அதோட செஷன்ல லிங்க் ஆகாது.

பூட்டுசாவி:
ஷெல்தான். எக்கோ பண்ணிட்டு அடுத்த வரில கீசிடிஎல் ஆட், யூசர் கீரிங்ல. ஒரே யூஐடி. செக்யூரிட்டி கட்டளை என் ஷெல்லோட காண்டெக்ஸ்டையே காட்டுது.

நெடுங்கணக்கு:
இதை முதல் பதிவுலயே எழுதியிருந்தா இவ்வளவு ஜோசியம் தேவைப்பட்டிருக்காது. எக்கோ பாஷோட பில்ட்-இன், அதனால நீங்க எழுதினது பாஷுக்கு. கீசிடிஎல் தனி புரோகிராம். எக்ஸெக் (பிராசஸ் புது புரோகிராமை ஓட்ட ஆரம்பிக்கிறது) நடக்கிற நொடியில எஸ்இலினக்ஸ் எஃப்எஸ்கிரியேட், கீகிரியேட், சாக்கிரியேட் (ஃபைல், சாவி, சாக்கெட்டுக்கு முன்கூட்டியே குறிச்ச லேபிள்கள்) மூணையும் துடைச்சிடும். கீகிரியேட் காலின்னா சாவிக்கு, அதை உருவாக்குற பிராசஸோட காண்டெக்ஸ்ட்தான். /ப்ராக்/செல்ஃப் வழியா ‘கேட்’ போட்டுச் சரிபார்க்கவும் முடியாது, அங்க செல்ஃப்னா கேட்தான். அடிப்படை இது.

வேர்ப்பயனர்:
விஷயம் சரி, தொனியைக் கொஞ்சம் குறைங்க.

@பூட்டுசாவி, எல்லாத்தையும் ஒரே பிராசஸுக்குள்ள வைங்க: செட்கீகிரியேட்கான் (கீகிரியேட்ல எழுதுற ஃபங்ஷன்), உடனே ஆட்_கீ (சாவி சேர்க்கிற சிஸ்டம் கால்), முடிஞ்சதும் நல் கொடுத்து மறுபடி செட்கீகிரியேட்கான். பாலிசியில (எஸ்இலினக்ஸ் விதிகள்) உங்க டொமைனுக்கு (பிராசஸோட லேபிள் வகை) பிராசஸ் கிளாஸ்ல செட்கீகிரியேட், புது லேபிள் மேல கீ கிளாஸ்ல கிரியேட் வேணும். கிரியேட்டை கர்னல் அந்த ஃபைல்ல எழுதும்போதே பார்த்துடும். படிக்கிற சர்வீஸுக்குச் சாவி மேல ரீட், சர்ச், வியூ. சாவி இருக்கிற கீரிங்குக்கும் தனி லேபிள் உண்டு, அது மேலயும் சர்ச் கொடுக்கணும். பலர் கோட்டை விடுற இடம் இது.

பழைய சாவியை முதல்ல அன்லிங்க் பண்ணிடுங்க. அதே டைப், அதே டிஸ்கிரிப்ஷன்ல சாவி ஏற்கெனவே இருந்தா ஆட்_கீ புதுசா உருவாக்காது. பேலோடை (உள்ள இருக்கிற ரகசியத்தை) மட்டும் மாத்திட்டுப் போயிடும், லேபிள் அப்படியே நிக்கும். இருக்கிற சாவிக்கு லேபிள் மாத்த சிஸ்டம் காலே கிடையாது.

த்ரெட் இருந்தா /ப்ராக்/த்ரெட்-செல்ஃப்ல எழுதுங்க. செல்ஃப் மெயின் த்ரெட்டைக் குறிக்கும், மத்த த்ரெட்ல இருந்து எழுதினா டினைட். கோ மொழின்னா முதல்ல லாக்ஓஎஸ்த்ரெட் (ஒரே த்ரெட்ல நிறுத்தி வைக்கும்).

மெல்லினம்:
எதுக்கும் செட்என்ஃபோர்ஸ் 0 (பெர்மிசிவ்: எஸ்இலினக்ஸ் தடுக்காது, பதிவு மட்டும் பண்ணும்) போட்டுப் பாருங்க. அப்பவும் டினைட்னா நான் சொன்னதுதான்.

நெடுங்கணக்கு:
ஒரு சாவிக்காக மொத்த மெஷினையும் பெர்மிசிவ் ஆக்கணுமா? செமேனேஜ் பெர்மிசிவ்ல அந்த டொமைனை மட்டும் சேர்க்கலாமே.

மெல்லினம்:
டெஸ்ட் மெஷின்ல ரெண்டு நிமிஷம் போட்டா குடி முழுகிடாது.

நெடுங்கணக்கு:
டெஸ்ட் மெஷின்னு அவர் எங்க சொன்னார்?

மெல்லினம்:
புரொடக்‌ஷன்னும் சொல்லலையே.

பூட்டுசாவி:
சி-ல எழுதிட்டேன், பழைய சாவியை எடுத்துட்டேன். லேபிள் இப்ப சரி. சர்வீஸ் மட்டும் இன்னும் டினைட், ஏவிசி வரியும் இல்ல. சர்ச் பண்ணா சாவி நம்பர் வருது, பிரிண்ட்தான் ஆகல.

வேர்ப்பயனர்:
‘செமாட்யூல் -டிபி’ போட்டு டோன்ட்ஆடிட்டை (தடுத்தாலும் பதிவு பண்ணாதேங்கிற விதி) நிறுத்திட்டு ஒரு தடவை ஓட்டுங்க. பார்த்ததும் ‘-பி’ போட்டுத் திருப்பிடுங்க. அப்பவும் ஏவிசி இல்லேன்னா எஸ்இலினக்ஸ் தடுக்கல.

மெல்லினம்:
நம்பர் வருது, பிரிண்ட் ஆகல. இதைத்தான் முதல்லயே சொன்னேன். யூசர் கீரிங்கை நேரா குறிப்பிட்டுத் தேடினா கிடைக்கும். நம்பரை வச்சுப் படிக்கும்போது, சாவி செஷன் வழியா எட்டணும். எட்டலேன்னா பொசஸர் (சாவியைக் கையில வச்சிருக்கிறவர்) உரிமை கிடையாது, மிஞ்சுறது யூசர் உரிமை. அதுல டீஃபால்ட்டா வியூ மட்டும்தான், ரீட் இல்ல. யூனிட் ஃபைல்ல (சர்வீஸோட செட்டிங் ஃபைல்) கீரிங்மோடு=ஷேர்டு போடுங்க, யூசர்= அதே யூசரா இருக்கட்டும். டீமன்-ரீலோட், ரீஸ்டார்ட்.

பூட்டுசாவி:
டிபி போட்டும் ஏவிசி இல்ல. ஷேர்டு போட்டதும் படிக்குது. நன்றி.

நெடுங்கணக்கு:
புரோகிராம்கள் படிக்கக்கூடிய யூசர் டைப் சாவி எதுக்கு? கர்னல் மட்டும் பயன்படுத்துற சாவின்னா லாகான் டைப் போதும், யூசர்ஸ்பேஸ்ல (கர்னலுக்கு வெளியே ஓடுற புரோகிராம்கள்) இருந்து படிக்கவே முடியாது.

வேர்ப்பயனர்:
அவரோட சர்வீஸ் யூசர்ஸ்பேஸ்லதான் படிக்குது.