அமெரிக்க அதிபர் காங்கிரஸைக் கேட்காமல் போருக்குப் போகலாமா?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் நேற்று ராத்திரி கேட்டாள்: "அமெரிக்காவில் போர் அறிவிக்கும் அதிகாரம் அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத்தானே? அப்புறம் கொரியப் போரை யார் அறிவித்தார்கள்?" முழித்தேன். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1: யாருமே அறிவிக்கவில்லை! 1950-இல் அதிபர் ட்ரூமன் அதை 'போலீஸ் நடவடிக்கை' என்று சொல்லிவிட்டார். காங்கிரஸ் முறைப்படி கடைசியாகப் போர் அறிவித்தது 1942-இல், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது.

பதில் 2: நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். 1973 போர் அதிகாரச் சட்டத்தைப் படித்தபோது, மேலாளர் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவாரே, அதுதான் ஞாபகம் வந்தது. படையை அனுப்பிய 48 மணி நேரத்தில் அதிபர் காங்கிரஸுக்குத் தகவல் தர வேண்டும். 60 நாளில் ஒப்புதல் வராவிட்டால் நிறுத்த வேண்டும். படையைத் திரும்பக் கொண்டுவர இன்னும் 30 நாள். அன்றைய அதிபர் நிக்சன் வீட்டோ செய்தும் (ஒப்புதல் தர மறுத்தும்) நிறைவேறிய சட்டம். ஆனால் 2011-இல் லிபியாவில் 60 நாள் தாண்டியதும் ஒபாமா அரசு என்ன சொன்னது தெரியுமா? சட்டம் சொல்லும் 'சண்டை'யே இது இல்லையாம். குண்டு விழுந்தவனிடம் கேட்டிருக்க வேண்டும்.

கேட்டவர்: அப்படியானால் காங்கிரஸ் கையில் என்னதான் இருக்கிறது சார்?

பதில் 2: பணப்பெட்டி. 1973 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தோசீனச் சண்டைக்கு (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) பணம் கிடையாது என்று சட்டம் போட்டார்கள். கம்போடியா மீதான குண்டுவீச்சு அன்றோடு நின்றது.