டாக்டர் சாரதா மேனன் பற்றித் தமிழில் உரை: எதை முன்னால் வைப்பது?

அல்சூர்_வாசகி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மனநோய் உள்ளவர்களின் குடும்பத்தார் கூடும் ஒரு தமிழ்க் கூட்டத்துக்காக, இங்கே பெங்களூரில், டாக்டர் சாரதா மேனன் பற்றி 40 நிமிட உரை தயாராகிறது. கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் வயதான அப்பா அம்மாக்கள். பலருக்கு அவர் பெயரே தெரியாது. இணையத்தில் தேடினால் "இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர், பத்மபூஷண்" என்பதைத் தாண்டி அதிகம் கிடைக்கவில்லை. சென்னை கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனையில் அவர் மாற்றியது என்ன? பெங்களூருக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு என்ன? வீட்டில் நோயாளியை வைத்துப் பார்ப்பவர்கள் அவர் வேலையிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பழைய_ஏடு எழுதியது:

முதலில் ஆண்டுகள். 1923 ஏப்ரல் 5, மங்களூரில் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா நீதிபதி. வளர்ந்ததும் படித்ததும் சென்னை. மகளிர் கிறித்துவக் கல்லூரி முடித்து, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் 1951இல் மருத்துவப் பட்டம். தில்லி இர்வின் மருத்துவமனையில் பயிற்சி. பொது மருத்துவத்தில் எம்.டி.யும் உண்டு.

மனநல மருத்துவ டிப்ளமோ படித்தது உங்கள் ஊரில்தான். பெங்களூரின் தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் படித்தார் என்று பல குறிப்புகளில் வரும். கூட்டத்தில் நிம்ஹான்ஸ் ஆட்கள் யாராவது இருந்தால் திருத்துவார்கள், ஏனென்றால் நிம்ஹான்ஸ் உருவானது 1974 டிசம்பரில். அவர் படித்தபோது அது அகில இந்திய மனநல நிறுவனம். ஜோசப் போர் தலைமையிலான சுகாதாரக் குழு 1946இல் பரிந்துரைத்து, மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையை ஒட்டி 1954இல் தொடங்கியது. முதல் இயக்குநர் டாக்டர் எம்.வி. கோவிந்தசாமி. நாட்டில் மனநல மருத்துவர்களை முறையாகப் பயிற்றுவிக்கும் வேலை அப்போதுதான் கால் ஊன்றிக்கொண்டிருந்தது.

1959இல் கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். 1961இல் கண்காணிப்பாளர், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். 1978 வரை அங்கேதான். 1871இல் லோகாக் தோட்டத்தில் தொடங்கிய பழைய நிறுவனம் அது. அவர் போனபோது நடப்பில் இருந்தது 1912ஆம் ஆண்டு மனநோயாளர் சட்டம். நோயாளியைச் சேர்க்க வழக்கமான வழி மாஜிஸ்திரேட்டின் உத்தரவு. உள்ளே விட உத்தரவு இருந்தது. திரும்ப அழைத்துப் போக வீட்டார் வராவிட்டால், அவர்களை வரவைக்க வழி இல்லை. தப்பான முகவரி கொடுத்துவிட்டுப் போவார்கள், ஆளே தெரியாமல் போகும்.

இதில் மருந்தின் காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். குளோர்புரோமசின் 1952இல் பிரான்சில்தான் முதன்முதலாக மனநோய்க்குக் கொடுக்கப்பட்டது. லார்காக்டில் என்ற அதன் விற்பனைப் பெயரைச் சொன்னால் வயதானவர்களுக்குத் தெரியும். அது வந்த பிறகு ஆரவாரம் சில வாரங்களில் அடங்கியது. அடங்கினவர் எங்கே போவார், யாரோடு இருப்பார், என்ன வேலை செய்வார் என்ற கேள்வி அப்போதுதான் பெரிதாக எழுந்தது. சாரதா மேனன் கையில் எடுத்தது அந்தக் கேள்வியை. வெளிநோயாளிப் பிரிவை வளர்த்தது, வேலை பழக்கி நோயாளியைத் தேற்றும் தொழில் சிகிச்சை மையத்தை வளாகத்துக்குள் தொடங்கியது, தொண்டு அமைப்புகளையும் குடும்பத்தையும் உள்ளே கொண்டுவந்தது எல்லாம் அதற்கான பதில்கள். ஓய்வுக்குப் பிறகு 1984இல், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) ஆய்வுக்கும் மறுவாழ்வுக்குமான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 1992இல் பத்மபூஷண், 2013இல் தமிழக அரசின் ஔவையார் விருது. மறைவு 2021 டிசம்பர் 5, தமது 98ஆம் வயதில்.

"முதல் பெண்" என்பதை உரையின் நடுவில் வைக்காதீர்கள். ஒரு வரி போதும்.

ஜெயநகர்_செல்வி எழுதியது:

கடைசி வரியில் உடன்பாடில்லை. கேட்க வருகிற அம்மாக்களுக்கு அந்த வரி முக்கியம். ஆண்டுக்கணக்கில் மகனையோ மகளையோ பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அவர்கள்தான். 1961இல் அவ்வளவு பெரிய மனநோய் மருத்துவமனையை ஒரு பெண் நடத்தினார் என்பது அவர்களுக்கு வெறும் தகவலாக இருக்காது. அதோடு தொடங்கிவிட்டு வேலைக்குப் போகலாம்.

லக்கசந்திரா_மீனா எழுதியது:

மறுவாழ்வுப் பகுதிக்கு என் பங்கு. தொழில் சிகிச்சை என்றதும் பொழுதுபோக்குக்குக் கூடை பின்னுவது என்று நினைத்துக்கொள்வார்கள். அது இல்லை என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

மனச்சிதைவில் இரண்டு வகை அறிகுறிகள். குரல் கேட்பது, சந்தேகம் முதலியவை ஒரு வகை. மருந்து இவற்றை நன்றாகவே கட்டுப்படுத்தும். அடுத்தது முனைப்புக் குறைவு: குளிக்க மாட்டார், பேச மாட்டார், படுத்தே இருப்பார். இதில் மருந்து அவ்வளவாக வேலை செய்யாது. வீட்டார் சோம்பேறித்தனம் என்று திட்டுவது இதைத்தான். திட்டும் குத்தலும் அதிகமுள்ள வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்று லண்டன் ஆய்வுகளும் பின்னர் சண்டிகர் ஆய்வும் காட்டியிருக்கின்றன.

வீட்டில் செய்யக்கூடியது இப்படி. முதலில் எழும் நேரத்தை மட்டும் நிலைப்படுத்துங்கள். அது ஒட்டிக்கொண்ட பிறகு ஒரே ஒரு வேலை, அரை மணி நேரம், தினமும் அதே நேரத்தில். வேலையைத் துண்டாக்கிச் சொல்லுங்கள். "சமையலறையைச் சுத்தம் பண்ணு" என்றால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றுவிடுவார். "இந்த ஆறு தம்ளரையும் கழுவி இங்கே கவிழ்த்து வை" என்றால் செய்வார். இரண்டு மூன்று வாரம் தடங்கல் இல்லாமல் போனால் நேரத்தைக் கூட்டலாம். செய்ததற்குச் சின்னதாகவாவது காசு கொடுங்கள், செலவை அவரே தீர்மானிக்கட்டும். பெரும்பாலும் கெடுவது அவசரத்தால். ஒரு மாதம் நன்றாக இருந்ததும் எட்டு மணி நேர வேலைக்கு அனுப்புவார்கள், தூக்கம் கெடும், மாத்திரை தவறும், மறுபடி வார்டு.

மாத்திரை நிற்பதற்குப் பிடிவாதம் மட்டும் காரணம் இல்லை. பழைய மருந்துகளில் உடல் விறைப்பு, கை நடுக்கம், எச்சில் வடிவது உண்டு. புதியவற்றில் எடை கூடுவது, சர்க்கரை. இதை டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி இருக்கிறது. சொல்லாமல் நிறுத்தினால் உடனே ஒன்றும் ஆகாது. சில வாரமோ சில மாதமோ கழித்துத்தான் நோய் திரும்பும். அந்த இடைவெளியால்தான் "மருந்து இல்லாமலே நன்றாக இருக்கிறான்" என்று வீட்டார் நம்பிவிடுகிறார்கள். மாத்திரை தினமும் சண்டையாகிற வீடுகளில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் நீண்டகால ஊசி பற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.

அல்சூர்_வாசகி கேட்டது:

மீனா, தம்ளர் உதாரணத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். செல்வி அக்கா சொன்ன தொடக்கமும் சரியாகத்தான் படுகிறது. ஊனச் சான்றிதழ் பற்றியும் கண்டிப்பாகக் கேட்பார்கள். அதற்கும் ஸ்கார்ஃபுக்கும் தொடர்பு உண்டா?

பழைய_ஏடு எழுதியது:

உண்டு. மனநோயும் ஊனம் தரும் என்பதை அரசு ஏற்கவேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். 1995 ஊனமுற்றோர் சட்டத்தில் அது இடம்பெற்றது. அளக்க ஐடியாஸ் என்ற அளவுகோலை இந்திய மனநல மருத்துவச் சங்கம் உருவாக்கியது. இதிலும் ஸ்கார்ஃபின் உழைப்பு உண்டு.

கணக்கு இதுதான். தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என நான்கு தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, சிரமம் கூடக் கூட எண்ணும் கூடும். இதோடு நோயின் வயதுக்கு, அதாவது நோய் வந்து எத்தனை ஆண்டு என்பதற்கு, மதிப்பெண்: 2 ஆண்டுக்குள் 1, 2 முதல் 5 வரை 2, 6 முதல் 10 வரை 3, அதற்கு மேல் 4. மொத்தம் 7 வந்தால் ஊனம் 40 சதவீதத்தைத் தொடும். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 வேண்டும்.

இடறுவது நோயின் வயதில்தான். தலைப்புகளில் 1, 1, 1, 2 என 5 வாங்கியவருக்கு நோய் வந்து ஏழு ஆண்டு என்றால் 8, சான்றிதழ் கிடைக்கும். பழைய சீட்டு எதுவும் இல்லாமல் போன வருடத்திலிருந்துதான் சிகிச்சை என்று பதிவானால் 6, கிடைக்காது. அதனால் முதல் ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சுருக்கம் எல்லாவற்றையும் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். "குளிப்பானா?" என்று கேட்டால் பெருமைக்காக "எல்லாம் செய்வான்" என்று சொல்லக்கூடாது. நான்கு தடவை சொன்னால்தான் குளிப்பான் என்றால் அப்படியே சொல்லவேண்டும். விண்ணப்பம் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில்.

லக்கசந்திரா_மீனா எழுதியது:

ஒரு சேர்க்கை. ஸ்கார்ஃபை அவர் தனி ஆளாக நடத்தவில்லை. டாக்டர் ஆர். தாரா முதலானவர்கள் தொடக்கத்திலிருந்தே உடன் இருந்தார்கள். சென்னையில் 1981 வாக்கில் முதன்முறை மனச்சிதைவு வந்த 90 பேரை 20 ஆண்டு தொடர்ந்த ஆய்வில் தாராவின் பங்கு பெரியது. அவர்களில் பலர் திருமணம், வேலை என்று வாழ்ந்தார்கள். பெற்றோரிடம் இதைச் சொல்ல ஐந்து நிமிடமாவது ஒதுக்குங்கள்.

முடிவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி வையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். கேள்விகளுக்குத் தனியாக 20 நிமிடம் வேண்டும், 40க்குள் அடங்காது.