கௌனாஸில் சுகிஹாராவின் வீட்டுக்குப் போன அனுபவம்

லிதுவேனியா போகிறவர்கள் பலர் தலைநகர் வில்னியஸோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கௌனாஸுக்கும் போங்கள். ஜாலியாகால்னிஸ் மேட்டில், வைஷ்கான்டோ தெருவில் 30-ஆம் எண் வீட்டை அவசியம் பாருங்கள்.

1940-இல், விசா எழுதிக் கொடுத்து யூத அகதிகள் பலரைக் காப்பாற்றிய ஜப்பானியத் துணைத் தூதர் சியுனே சுகிஹாரா குடும்பத்தோடு வாழ்ந்ததும் அலுவலகம் நடத்தியதும் அங்கேதான். அமைதியான குடியிருப்புத் தெரு, அக்கம்பக்கத்தைப் போலவே ஒரு வீடு. உள்ளே அவருடைய அலுவலக அறையைத் திரும்ப அமைத்திருக்கிறார்கள்: மேசை, தட்டச்சுப்பொறி, ஜப்பான் கொடி. ஜப்பானிலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம்.

நான் ரொம்ப நேரம் நின்றது ஒரு புகைப்படத்தின் முன்னால். வேலிக்கு வெளியே காத்துக்கிடக்கும் கூட்டம். போலந்தை ஜெர்மனியும் சோவியத்தும் பங்கு போட்டுக்கொண்டபோது தப்பி வந்த யூதர்களே அவர்களில் பெரும்பாலோர். 1940 ஜூனில் சோவியத் படை லிதுவேனியாவுக்குள்ளும் நுழைந்தது. தூதரகங்களை மூடச் சொல்லிவிட்டார்கள். மேற்கே போக வழியில்லை. கிழக்கே மட்டும் ஒரு வழி இருந்தது: சைபீரிய ரயிலில் விளாடிவாஸ்டாக், அங்கிருந்து கப்பலில் ஜப்பானின் சுருகா துறைமுகம். அதற்கு ஜப்பான் வழியாகக் கடந்துபோகும் விசா வேண்டும். அந்த விசா கிடைக்க, கடைசியில் எந்த நாட்டுக்குப் போகிறோம் என்று காட்ட வேண்டும். வீடு இழந்து வந்தவர்கள் எந்த நாட்டைக் காட்டுவார்கள்?

காட்ட ஒரு நாட்டைக் கொடுத்தவர் யான் ஸ்வார்டென்டைக். பிலிப்ஸ் கம்பெனியின் உள்ளூர்ப் பிரதிநிதி, கூடவே நெதர்லாந்தின் கௌரவத் தூதர். கரீபியனில் நெதர்லாந்து வசமிருந்த கியூரசாவ் தீவுக்குப் போக விசா தேவையில்லை என்று கடவுச்சீட்டுகளில் எழுதிக் கொடுத்தார். தீவின் ஆளுநர் அனுமதித்தால்தான் இறங்க முடியும். அந்த வரியை மட்டும் எழுதாமல் விட்டார். இரண்டு வாரத்துக்குள் 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு எழுதியிருக்கிறார்.

அந்தத் தாளோடு மக்கள் சுகிஹாராவின் வாசலுக்கு வந்தார்கள். அவர் டோக்கியோவைக் கேட்டார். போதிய பணமும் சேருமிடத்துக்கான ஆவணமும் இல்லாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று பதில் வந்தது. ஆனாலும் கொடுத்தார். ஒவ்வொரு விசாவும் கையால் எழுதியது. இரவில் மனைவி யூகிகோ அவருடைய கையைப் பிடித்துவிடுவாராம். வீட்டைக் காலி செய்து ஓட்டலுக்குப் போன பிறகும் எழுதினார், ரயில் கிளம்பும்வரை எழுதினார். பட்டியலில் 2,100-க்கும் மேற்பட்ட பெயர்கள். ஒரே விசாவில் குடும்பமாகப் போனவர்களும் உண்டு. இன்னொன்று என்னை அசத்தியது. அந்தப் பெயர்ப் பட்டியலை அவர் ஒளித்துவைக்கவில்லை, அடுத்த ஆண்டு தம் அமைச்சகத்துக்கே அனுப்பிவைத்தார். செய்ததை மறைக்க நினைத்தவர் அப்படிச் செய்ய மாட்டார். 1947-இல் அவர் வேலை போனது.

இந்த வீட்டைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். கீழே லைஸ்வெஸ் அலேயா என்ற தெருவில் ஸ்வார்டென்டைக்கின் பழைய அலுவலகத்துக்கு எதிரே, கடவுச்சீட்டு வடிவ விளக்குகளைச் சுருளாகத் தொங்கவிட்ட நினைவுச்சின்னம் ஒன்று 2018-இல் வந்திருக்கிறது. இருட்டிய பிறகு போங்கள். யூத இனப்படுகொலையின் நினைவைக் காக்கும் இஸ்ரேலின் யாத் வாஷேம் அமைப்பு, சுகிஹாராவை 1984-இல், அவர் உயிரோடு இருக்கும்போதே கௌரவித்தது. ஸ்வார்டென்டைக் 1976-இல் இறந்துவிட்டார். அவருக்கு அந்தக் கௌரவம் 1997-இல்தான் கிடைத்தது. இரண்டு பேரில் ஒருவர் இல்லாவிட்டாலும் இந்த வழி திறந்திருக்காது. இருவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம், மனம் தாங்கும் என்றால் ஒன்பதாம் கோட்டைக்கும் போங்கள். அதற்குள் ஜெர்மனியின் நாஜிகள் கௌனாஸைப் பிடித்திருந்தார்கள். 1941 அக்டோபர் 29 அன்று, ஒரே நாளில், கௌனாஸ் கெட்டோவிலிருந்து (யூதர்களை அடைத்துவைத்த பகுதி) கொண்டுபோன 9,000-க்கும் மேற்பட்ட யூதர்களை அங்கே சுட்டுக் கொன்றார்கள். விசா கிடைக்காமல் போனால் என்ன ஆகியிருக்கும் என்பது அங்கே போனால் புரிகிறது.

அகதிகள் கரையிறங்கிய சுருகாவிலும் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நான் இன்னும் பார்க்கவில்லை. போனவர்கள் யாராவது இருந்தால் அங்கே கண்டதை எழுதுங்கள்.