அலுமினியக் கலப்புருவில் பொறி அரிப்பு: 9 துளை போதுமா?

ஆய்வு மாணவன்:
6061 அலுமினியத்தில் 10 சதவீதம் சிலிக்கான் கார்பைடு துகள் கலந்த வார்ப்பு. செம்பு மின்முனை கொண்டு ஸ்பார்க் மெஷினில் (மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் இயந்திரம்) துளையிட வேண்டும். மின்னோட்டம், பல்ஸ் நேரம் (ஒரு பொறி நீடிக்கும் நேரம்), பல்ஸ் இடைவெளி (பொறிகளுக்கு நடுவே ஓய்வு), எண்ணெய் அழுத்தம் என நான்கு காரணிகள்; ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள். எல்லாச் சேர்க்கைகளுக்கும் 81 துளைகள் வேண்டும். ஜப்பானியப் பொறியாளர் தாகுச்சியின் எல்9 அட்டவணையில் தேர்ந்தெடுத்த 9 சேர்க்கைகள் போதும். அனோவா (மாறுபாட்டைக் காரணிவாரியாகப் பிரிக்கும் கணக்கு) போட்டு ஒவ்வொரு காரணியின் பங்கையும் சதவீதத்தில் எழுதலாமா? புள்ளியியல் தெரிந்தவரும் பட்டறைக்காரரும் சொல்லுங்கள்.

எண்கணக்கு:
கூடாது. 9 அளவீடுகளில் சராசரிக்கு ஒன்று போக 8 தகவல்கள். நான்கு காரணிகளும் தலைக்கு இரண்டாக எடுத்துக்கொண்டால் பிழையை மதிப்பிட எதுவும் மிஞ்சாது. பலரும் செய்வதுபோல, சிறிய காரணியைப் பிழைக் கணக்கில் தள்ளி எஃப் மதிப்பு (காரணியின் விளைவு பிழையைப்போல் எத்தனை மடங்கு என்பது) காட்டுவது, தோற்றவனையே நடுவராக்குவது.

பட்டறை:
81 துளைக்கு இயந்திர நேரம் யார் தருவார்கள்? எந்தப் பக்கம் போகலாம் என்று எல்9 காட்டினால் போதும். அந்த அமைப்பில் மறுபடி ஓட்டிச் சரிபார்த்துக்கொள்கிறோம்.

எண்கணக்கு:
81 யார் கேட்டது? மூன்று காரணிகளுக்கு பாக்ஸ்-பென்கென் என்ற சோதனைத் திட்டம் 15 ஓட்டங்களில் முடியும். பொறியின் ஆற்றல் மின்னோட்டம், பல்ஸ் நேரம் இரண்டின் பெருக்கத்தைப் பொறுத்தது. அவற்றை எல்9-இன் முதல் இரண்டு பத்திகளில் வைத்தால், கூட்டு விளைவு மற்ற இரண்டு பத்திகளில் கலந்துவிடும். செய்தது ஒருவர், பெயர் எண்ணெய் அழுத்தத்துக்கு.

பட்டறை:
மூன்று காரணி என்றால் நான்கில் எதைக் கழிக்கிறீர்கள்? எண்ணெயையா? அலுமினியம் 660 டிகிரி அளவில் உருகும். சிலிக்கான் கார்பைடு உருகாது. 2,700 டிகிரியைத் தாண்டித்தான் சிதையும். சுற்றியிருக்கும் அலுமினியம் போனதும் துகள் முழுதாகப் பெயர்ந்து இடைவெளியில் விழுகிறது. அதைக் கழுவி வெளியேற்றாவிட்டால் பொறி பரவாமல் ஒரே இடத்தில் ஆர்க் (தொடர் மின்வில்) பிடித்துத் துளையின் அடி கருகிவிடும். இந்தப் பொருளில் எண்ணெய் அழுத்தத்தை விடவே கூடாது.

எண்கணக்கு:
சரி, நான்கும் இருக்கட்டும்; அதே பாக்ஸ்-பென்கென், நடுப்புள்ளி (எல்லாக் காரணியும் நடுநிலையில்) மூன்றோடு 27 ஓட்டங்கள். அப்போது பிழையும் வளைவும் தெரியும். தாகுச்சி முறையில் போடும் எஸ்/என் (சமிக்ஞை-இரைச்சல்) விகிதம் வேண்டாம். ஓர் அமைப்புக்கு ஒரே அளவீடு என்றால் அது வெறும் மடக்கை. சிதறலைப் பற்றி எதுவும் சொல்லாது.

பட்டறை:
வரிசையைக் குலுக்குங்கள். அட்டவணையில் உள்ளபடியே ஓட்டினால் முதல் பத்தி கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்குப் போகும். மின்முனைத் தேய்மானமும் அதன் கணக்கில் ஏறும். துளைக்குத் துளை மின்முனை முகத்தைத் தட்டையாக்குங்கள். ஆனாலும் முதலில் 9-ஐ ஓட்டச் சொல்வேன். எந்த மின்னோட்டத்தில் ஆர்க் பிடிக்கிறது என்று தெரியாமல் 27 துளை போடுவது வார்ப்புக்குக் கேடு.

எண்கணக்கு:
ஓட்டட்டும். சதவீதம் மட்டும் எழுத வேண்டாம்.