பழைய பிரிட்டிஷ் சிறு லாரிகள்: ‘புதுப்பித்தல்’ போதுமா?

> ரெஸ்டோரேஷனுக்குப் ‘புதுப்பித்தல்’, பிரிசர்வேஷனுக்குப் ‘பாதுகாத்தல்’. இரண்டும் வழக்கில் இருக்கிற சொற்கள்தானே. இதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

வணக்கம் நண்பரே.

ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், நகைக்கடனைப் புதுப்பிக்கிறோம். அங்கெல்லாம் சொல் சரியாகவே நிற்கிறது. ஆனால் 1950-இல் செய்த லேண்ட் ரோவர் (ஜீப் மாதிரியான பிரிட்டிஷ் வண்டி) ஒன்றைப் ‘புதுப்பித்தேன்’ என்று ஒருவர் எழுதினால், அவர் என்னதான் செய்தார்? எஞ்சினை இறக்கி வேலை பார்த்தாரா, டிங்கரிங் முடித்துப் பெயின்ட் அடித்தாரா, வண்டியின் அடிச்சட்டமான பழைய சேசிஸைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிய சேசிஸ்மேல் மற்றதையெல்லாம் ஏற்றினாரா? மூன்றுக்கும் நம்மிடம் ஒரே சொல். பழைய வண்டிகளைப் பற்றிய கட்டுரைகளைத் தமிழில் எழுத உட்காருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அந்த வண்டியையே எடுத்துக்கொள்வோம். 1948-இல் லேண்ட் ரோவர் வெளிவந்தபோது பிரிட்டனில் எஃகுக்குப் பங்கீடு. அதனால் வெளித்தகடுகளை பிர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்தார்கள். சேசிஸும், எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள சுவரும் எஃகு. சேசிஸைக்கூட எஃகுப் பட்டைகளைச் சேர்த்துப் பற்றவைத்து, உள்ளே வெற்றிடம் இருக்கும்படி பெட்டி மாதிரி ஆக்கினார்கள். குளிர்காலத்தில் அந்த ஊர்ச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். உப்பும் சேறும் அந்தப் பெட்டிக்குள் புகுந்துவிட்டால் அங்கேயே தங்கிவிடும்; துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். பார்வைக்குப் பெயின்ட் நன்றாகவே இருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் ‘டொக்’ என்று கேட்கும். அங்கே ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். அலுமினியமும் எஃகும் தொடும் இடத்தில் ஈரம் நின்றால் வேறொரு நோய்: அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து, ரிவெட் தலையைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளம் கட்டும்.

இப்போது உரிமையாளருக்கு இரண்டு வழி. அரித்த இடத்தை மட்டும் வெட்டி, அதே கனத்தில் தகடு வைத்துப் பற்றவைத்து, பழைய சேசிஸைக் காப்பாற்றலாம். மாதக் கணக்கில் இழுக்கும் வேலை. அல்லது கால்வனைஸ் செய்த (துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசிய) புதிய சேசிஸ் விலைக்குக் கிடைக்கிறது, வாங்கி மாற்றலாம். இரண்டாவது வழி கெட்டது என்று நான் சொல்லவில்லை; தினமும் பண்ணையில் ஓட்டுகிறவருக்கு அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் இரண்டு வண்டிகளுக்கும் ஒரே பெயர் வைத்தால் வாங்குகிறவர் ஏமாறுவார், படிக்கிறவரும் ஏமாறுவார்.

பிரிட்டனின் வண்டிப் பதிவுத் துறையான டி.வி.எல்.ஏ. இதற்கு நெடுங்காலமாக ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருந்தது. பெரிதும் மாற்றப்பட்ட வண்டி தன் பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க 8 புள்ளி வேண்டியிருந்தது. சேசிஸுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு வெறும் 1. தனி சேசிஸ் உள்ள லாரியின் கேபினுக்கும் பாடிக்கும் புள்ளியே கிடையாது! சட்டத்தின் கண்ணில் சேசிஸ்தான் வண்டி. பழைய வண்டி ஆர்வலர் கண்ணிலோ, கதவில் யாரோ கையால் எழுதிய ரொட்டிக்கடைப் பெயரும் வண்டியின் உயிர். பெயின்ட்டைப் பொறுமையாக அடுக்கடுக்காகத் தேய்த்துக்கொண்டே போனால் அடியிலிருந்து அப்படிப்பட்ட எழுத்துகள் எட்டிப் பார்ப்பதுண்டு. மொத்தமாக மணல் பீய்ச்சி எடுத்துவிட்டால் அதுவும் போச்சு. கோயில் சுவர்களில் மணல் பீய்ச்சியபோது கல்வெட்டு எழுத்துகள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

பழைய வண்டிச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் பேணுவதையும் மீட்பதையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. ஆகவே என் முன்மொழிவு மூன்று சொல்.

உள்ளபடிப் பேணல்: வண்டி எப்படி வந்து சேர்ந்ததோ அப்படியே வைத்து, துரு மேலும் பரவாமல் நிறுத்தி, ஓடும் நிலையில் காப்பது. பிரிட்டனில் இதை ‘எண்ணெய்த்துணி’ நிலை என்பார்கள். எண்ணெய் தோய்ந்த துணியால் துடைப்பதோடு சரி.

ஆலைநிலை மீட்பு: தொழிற்சாலையை விட்டு வந்த அன்று இருந்த நிலைக்குக் கொண்டுபோவது. நிறம், திருகாணி, துணிக்கூரை உட்பட.

மறுகட்டு: சேசிஸ் போன்ற முக்கிய பாகங்களை மாற்றிக் கட்டுவது. ‘பாடி கட்டுதல்’ என்று நாமக்கல்லில் தினமும் சொல்கிறார்கள். அந்தக் ‘கட்டு’ தொழிலிலேயே இருக்கிறது, நாம் ஏன் விட வேண்டும்?

அன்புடன்,
கோவையிலிருந்து

———

> தொழிற்சாலையை விட்டு வந்த அன்று இருந்த நிலை

ஐயா, வணக்கம். மற்ற இரண்டு சொல்லும் எனக்குச் சம்மதம். ‘ஆலைநிலை’ மட்டும் காருக்குப் பொருந்தும், லொறிக்கு இடிக்கும்.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் சிறு லொறிகளில் எத்தனையோ, ஆலையை விட்டு வரும்போது முழு வாகனமே இல்லை. பெட்ஃபோர்ட், ஆஸ்டின், மொரிஸ் கொமர்ஷல் எல்லாம் வெறும் சேசிஸாகவோ, சேசிஸும் முன்பகுதியுமாகவோ விற்பார்கள். வாங்கினவர் தனக்கு வேண்டிய பாடியை வேறு பட்டறையில் கட்டுவித்துக்கொள்வார். ஒரே மாதிரிச் சேசிஸில் ஒன்று ஐஸ்கிரீம் வான் ஆகும், இன்னொன்று பால் லொறி. ஆலைநிலைக்கு மீட்கிறேன் என்று ஒருவர் புறப்பட்டால், கடைசியில் கையில் நாலு சில்லும் ஒரு ஸ்டியரிங்கும்தான் மிஞ்சும்.

எங்கள் ஊரில் ஆளும் மூட்டையும் ஏற்றின தட்டிவானும் இப்படித்தான். சேசிஸ் கப்பலில் வந்தது, பலகை உடம்பு தச்சுப்பட்டறையில் கட்டினது. அதன் ஆலைநிலை எது? தச்சர் வேலை முடித்த நாளா, இருபது வருசம் சந்தைக்கு மூட்டை ஏற்றின காலமா?

‘பணிக்கால மீட்பு’ என்று வைத்தால் என்ன? வாகனம் வேலை செய்த காலத்தில் ஒரு கட்டத்தைத் தெரிந்தெடுத்து, அந்த நிலைக்குக் கொண்டுவருவது. எந்தக் காலம் என்பதையும் சொல்லக் கட்டாயப்படுத்தும்.

யாழ்ப்பாணம், இப்போது லெஸ்டர்

———

எனக்கு ‘மீட்பு’ என்பதிலேயே தயக்கம். மீட்பு வண்டி என்றால் நடுரோட்டில் நின்றுபோனதைக் கட்டி இழுத்துப் போகிற வண்டி. ‘ஆலைநிலை மீட்பு’ என்று தலைப்புப் போட்டால் எங்கோ ஆலையில் தீப்பிடித்தது என்று நினைத்துக்கொண்டு படிப்பார்கள். ‘மீட்டமைப்பு’ என்றால் குழப்பம் இல்லையே?

மதுரை

———

மதுரை நண்பர் சொன்னது சிரிப்பு வந்தாலும் நியாயம். ஆனால் மீட்டமைப்பு கணினிக்காரர்கள் கையில் போய்விட்டது. போன் அமைப்புகளிலும் அது நிற்கிறது. ‘நிலைமீட்பு’ என்று ஒட்டி எழுதினால் இழுவை வண்டியும் வராது, போனும் வராது. பணிக்கால நிலைமீட்பு, ஆலை நிலைமீட்பு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். லேண்ட் ரோவர் பிக்கப் மாதிரி முழுசாக ஆலையிலேயே முடித்து வந்த வண்டிக்கு இரண்டாவது வேண்டும்.

லெஸ்டர் ஐயா சொன்னதற்கு இன்னொரு சான்று. பிரிட்டிஷ் தபால் துறை வாங்கிய தொடக்ககால மொரிஸ் மைனர் வான்களுக்கு முன் மட்கார்டு ரப்பரில். சின்னச் சின்ன இடிகளுக்கு நசுங்கக் கூடாது என்று. விளக்கு அந்த ரப்பரில் பதியாது, அதனால் மேலே தனியாக உட்கார்ந்திருக்கும். பார்க்கத் தவளை மூஞ்சி. அதைக் கழற்றி அழகான எஃகு மட்கார்டு மாட்டி, விளக்கைப் பதித்து, சிவப்புப் பெயின்ட்டும் பளபளக்க அடித்தால் மைனர் வானாக அது அருமையான வண்டி. தபால் வானாக அதில் ஒன்றும் மிச்சமில்லை. அந்த வேலைக்கு நிலைமீட்பு என்ற பெயரே தரக் கூடாது என்பேன். மட்கார்டு மாற்றியது மறுகட்டும் ஆகாது. வெறும் ‘மாற்றம்’ என்று குறித்தால் போதும்.

அப்புறம், தட்டிவான் பேச்சு வந்ததில் இன்னொரு காரியம் நடந்திருக்கிறது. பக்கப் பலகையைக் கீழே மடக்கிச் சரக்கு ஏற்றுகிற லாரிக்கு இரண்டு வாரமாக ‘மடக்குப்பக்க லாரி’, ‘சரிபலகைச் சரக்குந்து’ என்று என்னென்னவோ எழுதிக்கொண்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் சங்கிலி கட்டிய பின்பலகைக்குத் ‘தட்டி’ என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்தால் பக்கத்தட்டி, பின்னால் இருந்தால் பின்தட்டி. யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

கோவை